ஈஸ்வரியின் பத்துப்பாட்டு

உலகத்தில் ஆபத்தான தொழில்கள் பல உண்டு. பாம்பு பிடிப்பது ஒன்று. வாணத்துக்கு மருந்து இடிப்பது ஒன்று. "எனக்குப் பிடித்த பத்துப் பாட்டு" என்று பட்டியல் போட்டு அச்சிலே கொடுப்பதற்கு முன்னால் இவையெல்லாம் குழந்தை விளையாட்டு. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பட்டியல் போட்டவனைக் கடிக்க வருகிறவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. "அந்தப் பாட்டை எப்படி ஐயா விட்டீர்? உமக்குக் காது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இருக்கிறது நேயர்களே, இரண்டு காதுகள் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் இந்தக் காரியத்தில் இறங்கியிருக்கிறேன்.

காலேஜில் தமிழ் படித்த நாளில் பத்துப்பாட்டு என்றால் திருமுருகாற்றுப்படையில் ஆரம்பித்து மலைபடுகடாத்தில் முடியும் என்று மனப்பாடம் செய்தேன். பரீட்சையும் தேறினேன். ஆனால் பஸ்ஸில் போகும்போதும், முகச் சவரம் செய்துகொள்ளும்போதும் என் வாய் முணுமுணுக்கிற பத்துப்பாட்டு வேறு. அவற்றைப் பாடியவர் எல். ஆர். ஈஸ்வரி.

இந்தப் பட்டியலுக்கு மூன்று சட்டங்கள் வைத்துக்கொண்டேன். முதலாவது, பாட்டில் ஈஸ்வரியின் குரல் ஒப்புக்குச் சப்பாணியாக வந்து போகக் கூடாது; அந்தக் குரலை எடுத்துவிட்டால் பாட்டே விழுந்துவிட வேண்டும். இரண்டாவது, திரையில் யார் ஆடினார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மூன்றாவது, பாட்டு முடிந்த அரை மணிக்குப் பிறகும் அது நம்மை விடாமல் தொந்தரவு செய்ய வேண்டும்.

இரண்டாவது சட்டம்தான் முக்கியம். அதற்குக் காரணம் எங்கள் பாட்டி. அவள் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்தப் பட்டியலில் மூன்று பாட்டுகளுக்கு அவள்தான் சாட்சி. கதை அந்தந்த இடத்தில் வரும்.

எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில் இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் பறங்கிமலை, மறு பக்கம் வேளச்சேரி, தலைக்கு மேலே மீனம்பாக்கத்து ஆகாய விமானங்கள். எங்கள் பேட்டையில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு ஒரு விசேஷப் பயிற்சி உண்டு. சரணம் நடந்துகொண்டிருக்கும்போது விமானம் வந்துவிட்டால், சத்தம் அடங்கும் வரையில் பாட்டை மனத்துக்குள்ளே ஓட்டிக்கொண்டிருந்து, சரியான இடத்தில் மறுபடியும் பிடித்துக்கொள்வோம். தாளம் தப்பாது.

மொட்டை மாடியில் நின்றால் மலையும், அதன் உச்சியில் போர்த்துகீசியர் கட்டிய மாதா கோயிலும் தெரியும். கீழே எங்கள் தெருக்களில் ஆடி மாதம் பிறந்தால் வேப்பிலைத் தோரணமும் கூழ்ப் பானையும் ஒலிபெருக்கியும் வந்துவிடும். மலை உச்சிக்கும் தெருமுனைக்கும் இடையே ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஈஸ்வரியின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் சென்னையில் 1939-ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். வைத்த பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. தாயார் சினிமாவில் குழுப்பாட்டுப் பாடுகிறவர். தாயாரோடு ஸ்டூடியோவுக்குப் போய்வந்த பெண், தானும் குழுவிலே நின்று பாடத் தொடங்கினாள். 1954-இல் வந்த 'மனோகரா'வின் குழுப்பாட்டில் அந்தக் குரலும் ஒன்று. தனிக்குரலாகப் பாட வைத்தவர் கே. வி. மகாதேவன், படம் 1958-இல் வந்த 'நல்ல இடத்து சம்பந்தம்'. அப்போது எம். எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி ஏற்கெனவே புகழோடு இருந்தார். சினிமா உலகம் இரண்டு ராஜேஸ்வரிகளைத் தாங்காது என்று எண்ணினார்களோ என்னவோ, லூர்து 'எல்' ஆயிற்று, ராஜ 'ஆர்' ஆயிற்று, மிச்சம் ஈஸ்வரி நின்றது.

இனிப் பட்டியல். பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி வருவோம். அல்லது ஏறி வருவோம்.

பத்தாவது இடம்: 'அவளுக்கென்ன'. 'சர்வர் சுந்தரம்' (1964). வாலி எழுதி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தது. டி. எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியது. இந்தப் பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டுப் பதிவு எப்படி நடக்கிறது என்பதையே படத்தில் காட்டுகிறார்கள். விஸ்வநாதன் வாத்தியக் கோஷ்டியை நடத்துவதைப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பதிவில் பாடகர், பாடகி, பிடில்காரர்கள், டிரம் வாசிப்பவர் எல்லாரும் ஒரே சமயத்தில் கூடி, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் செய்து முடிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் பிசகினால், பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஈஸ்வரியின் சிரிப்பையும் கொஞ்சலையும் 'ஹா' என்ற வியப்பையும் கேட்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் அப்படிப்பட்ட நெருக்கடியில், தாளத்துக்குள் அளந்து வைத்தவை.

ஒன்பதாவது: 'ஆடவரெலாம்'. 'கறுப்புப் பணம்' (1964). 'ஆடவர்' என்பதையும் 'ஆட வர' என்பதையும் வைத்துச் சிலேடை செய்திருக்கிறார்கள். காளமேகப் புலவர் கேட்டிருந்தால் முதுகில் தட்டியிருப்பார். சிலேடையை எழுதிவிடுவது சுலபம். பாடிக் காட்டுவது கடினம். ஒரே எழுத்துக் கூட்டத்தை முதல் தடவை சேர்த்தும் இரண்டாவது தடவை பிரித்தும் பாட வேண்டும். பிரித்தது காதில் விழவும் வேண்டும், மெட்டு உடையவும் கூடாது. ஈஸ்வரியின் தமிழ் உச்சரிப்பை நான் மெச்சும் இடங்களில் இது ஒன்று.

எட்டாவது: 'முத்துக்குளிக்க வாரீகளா'. கே. பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி' (1967). திரையில் நாகேஷும் மனோரமாவும். பின்னால் சௌந்தரராஜனும் ஈஸ்வரியும். இது தூத்துக்குடிப் பேச்சு. ஈஸ்வரி பிறந்ததோ சென்னையில். ஆனாலும் பாட்டைக் கேட்டால் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் பெண் திரும்பிப் பார்த்துப் பேசுவது போல் இருக்கிறது. எங்கள் காரியாலயத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னைக்காரர்கள் தம் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். இந்தப் பாட்டுக்கு மாத்திரம் மன்னிப்பு உண்டு.

ஏழாவது: 'துள்ளுவதோ இளமை'. எம். ஜி. ஆர். நடித்த 'குடியிருந்த கோயில்' (1968). இதிலும் சௌந்தரராஜன் உண்டு. அவர் குரல் இரும்புத் தூண் போன்றது. அதன் பக்கத்தில் நின்று பாடுகிற எந்தக் குரலும் கொஞ்சம் நிழலில்தான் நிற்க வேண்டும். ஈஸ்வரி நிழலில் நிற்கவில்லை. தூணைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடுகிறார். இந்தப் பாட்டின் வயது எத்தனை என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: 2002-இல் தனுஷ் அறிமுகமான படத்துக்கு இதன் முதல் சொற்களையே பெயராக வைத்தார்கள். முப்பத்து நாலு வருஷம் கழித்தும் இளமை என்றால் அந்தப் பாட்டுத்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

ஆறாவது: 'பட்டத்து ராணி'. ஸ்ரீதரின் 'சிவந்த மண்' (1969). ஸ்ரீதர் ஐரோப்பா வரையில் போய்ப் படம் எடுத்தார். ஆனால் இந்தப் பாட்டைக் கேட்கிறவனுக்கு ஐரோப்பாவும் வேண்டாம், அரங்கமும் வேண்டாம். பாட்டுக்கு நடுவே சாட்டை சுளீரென்று விழுகிறது. ஒவ்வோர் அடிக்கும் அந்தக் குரல் துடிக்கிறது. துடித்த மறு நிமிஷமே எதுவும் நடக்காதது போல மெட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறது. வேகமான பாட்டு என்று பலர் இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இதில் கேட்பது வீம்பு. அடி விழுந்தாலும் ஆட்டத்தை நிறுத்தாத வீம்பு.

ஐந்தாவது: 'பளிங்கினால் ஒரு மாளிகை'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'வல்லவன் ஒருவன்' (1966), ஜெய்சங்கர் துப்பறிகிறார், இசை வேதா. துப்பறியும் படம் என்றால் ஒரு கிளப் இருக்கும், கிளப் என்றால் ஒரு நடனம் இருக்கும், நடனம் என்றால் ஈஸ்வரி இருப்பார் என்பது அந்தக் காலத்துச் சமன்பாடு. அந்த வகையில் வந்த பாட்டுகளுக்குள் இதுவே எனக்கு உத்தமமானது. என்ன நிதானம், பாருங்கள்! கிளப் பாட்டு என்றால் ஓட வேண்டும் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இது ஓடவில்லை. நன்றாக மெழுகிய தரையிலே வழுக்காமல் நடப்பது போல, அடி மேல் அடி வைத்து வருகிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1960-களில் தமிழ் சினிமாவில் குரல்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை நடந்திருந்தது. கதாநாயகிக்கு பி. சுசீலா. தோழிக்கும், கிளப்பில் ஆடுகிறவளுக்கும், வில்லனின் கூட்டாளிக்கும் ஈஸ்வரி. விதிவிலக்குகள் உண்டு; ஆனால் விதி அதுதான். சுசீலாவின் குரலைக் குறை சொல்ல எனக்குப் பைத்தியமா? அது தேன். ஆனால் ஒரு குரல் தேன் என்றால் மற்றது கள் என்று யாரோ தீர்மானித்து, தேனை வீட்டுக்குள்ளும் கள்ளை வீட்டுக்கு வெளியிலும் வைத்தார்கள். அது பாடகியின் குற்றமா, கதை எழுதியவர்களின் சௌகரியமா?

பம்பாயிலும் இதே பாகப்பிரிவினை நடந்தது. அங்கே கதாநாயகிக்கு லதா மங்கேஷ்கர். கிளப்புக்கு அவருடைய தங்கை ஆஷா போன்ஸ்லே. அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் பிறந்து, ஒரே தகப்பனாரிடம் பாட்டுக் கற்றவர்கள் என்பதைக்கூட அந்த விதி மதிக்கவில்லை.

இப்போது நாலாவது இடம். பாட்டியும் வந்தாயிற்று.

நாலாவது: 'எலந்தப்பயம்'. கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'பணமா பாசமா' (1968). கண்ணதாசன் எழுதியது, மகாதேவன் இசை. இலந்தைப் பழம் சென்னைத் தெருவுக்கு வந்தவுடன் 'எலந்தப்பயம்' ஆகிவிட்டது. பழம் விற்பவளின் கூவலை அப்படியே எடுத்து மெட்டாக்கியிருக்கிறார்கள். இலக்கணப்படி 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ய' வருகிறது. அந்தக் குரல் வெட்கப்படாமல், சந்தைக்காரியின் முழு உரிமையோடு அதைக் கூவுகிறது. மூலை முடுக்கெல்லாம் இந்தப் பாட்டுப் பரவியது.

அப்போது என் அத்தைக்குப் பதின்மூன்று வயது. நல்ல குரல். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடுவதற்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஒரு நாள் கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டே இந்தப் பாட்டைப் பாடினாள். துணியை அடிக்கிற சத்தம் தாளத்துக்கு எடுப்பாக இருந்ததாம். பாட்டி வந்தாள். அதற்குப் பிறகு அடி விழுந்தது துணி மேல் மட்டும் இல்லை. "நல்ல வீட்டுப் பொண்ணு வாயிலே வர்ற பாட்டாடி இது?" என்று கேட்டாள். அதோடு விடவில்லை. ஆண்டு விழாப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினாள். "ஆண்டு விழாவிலே பாரதியார் பாட்டுத்தான் பாடப்போறேன்" என்று அத்தை அழுது பார்த்தாள். பயனில்லை. பாட்டு என்பதே இனி வேண்டாம் என்று தீர்ந்துபோயிற்று.

மூன்றாவது: 'வாராயென் தோழி'. 'பாசமலர்' (1961). விஸ்வநாதன் - ராமமூர்த்தி. ஈஸ்வரியை ஊரறியச் செய்த பாட்டு. மணப்பெண்ணைத் தோழிகள் கேலி செய்து அழைத்துவருகிற பாட்டு. சாதாரணமாக ஒரு சினிமாப் பாட்டு, படத்தோடு வந்து படத்தோடு போகும். இது கல்யாணச் சடங்குகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கிக்காரன் வந்து முதல் இசைத்தட்டை வைத்தால் அது விநாயகர் பாட்டாக இருக்கும். பெண் மணவறைக்கு வரும்போது இதுவாக இருக்கும். தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பெண்களை இந்தக் குரல் மணவறைக்கு அழைத்துப் போயிருக்கும் என்று கணக்கெடுக்க யாராலும் முடியாது.

1976-இல் என் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. அவள் மணவறைக்கு வந்தபோது வழக்கம்போல் இந்தப் பாட்டு ஒலித்தது. பாட்டிக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. ஒலிபெருக்கிக்காரனைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை போடுப்பா" என்றாள். அவன் மறுபடியும் போட்டான். எட்டு வருஷத்துக்கு முன்னால் எந்தக் குரலுக்காக அடி விழுந்ததோ அதே குரல், மாலையும் கழுத்துமாக நின்ற அத்தையை அழைத்தது. அத்தைக்கு அது தெரியும். பாட்டிக்குத் தெரியாது. மணப்பெண் அந்த நேரத்தில் சிரித்தால் நன்றாக இராது என்று அத்தை தலையைக் குனிந்துகொண்டாளாம். "எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது: 'செல்லாத்தா'. இது சினிமாப் பாட்டு இல்லை, மாரியம்மன் பாட்டு. 'கற்பூர நாயகியே' என்ற பாட்டையும் இதனோடு சேர்த்தே எண்ணுகிறேன். ஆடி மாதத்தில் தமிழ்நாட்டில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய் இறங்குங்கள். அதிகாலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கி கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொள்ளும். அடுத்தாற்போல் ஈஸ்வரியின் குரல் எழும். எங்கள் ஆதம்பாக்கத்தில் முதல் விமானத்துக்கும் இந்தக் குரலுக்கும் போட்டி. பெரும்பாலும் ஆத்தாள்தான் ஜெயிப்பாள்.

அம்மனைப் பாடுவதற்குக் கச்சேரிக் குரல் உதவாது. அம்மன் மலையிலோ பாற்கடலிலோ இருக்கிறவள் இல்லை; வேப்பமரத்தடியில் இருக்கிறவள். அவளைக் கூப்பிட, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் வேண்டும். இலந்தைப் பழம் கூவி விற்ற அதே குரல் வேண்டும். லூர்து மேரி என்று பெயர் சூட்டப்பட்ட பெண் அப்படிக் கூப்பிட்டாள். தமிழ்நாட்டுத் தெருக்களெல்லாம் கையைத் தலைக்கு மேலே கூப்பின. கூழ் வாங்க வரிசையில் நிற்கிற ஒருவராவது, "பாடியவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்?" என்று கேட்டதாக நான் அறியேன். மலை உச்சிக்கும் தெருமுனைக்கும் சம்பந்தம் என்று சொன்னேனே, அது இதுதான்.

எங்கள் பாட்டியும் கூப்பினாள். ஆடி மாதம் முழுவதும் வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பாட்டு முடிகிற வரையில் அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் பட்டதில்லை. ஒரு வருஷம் அத்தை பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்: "அம்மா, இதைப் பாடினவங்கதான் எலந்தப்பயமும் பாடினாங்க."

பாட்டி சிறிது நேரம் யோசித்தாள். "இருக்கட்டுமே. அந்தப் பொண்ணுக்கும் வயசாகி நல்ல புத்தி வந்திருக்கும்" என்றாள்.

"என் கல்யாணத்திலே ரெண்டு தடவை போடச் சொன்னியே, அந்தப் பாட்டும் அவங்க பாடினதுதான். அது எலந்தப்பயத்துக்கு ஏழு வருஷம் முந்தியே வந்துடுச்சு."

பாட்டி பதில் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு அத்தைக்கு மட்டும் பாயசத்தில் இரண்டு முந்திரி அதிகமாக விழுந்திருந்தது என்று அத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் மன்னிப்பு என்பது அந்த ரூபத்தில்தான் வரும்.

நேயர்களே, என் இரண்டாவது சட்டத்துக்கு இதுதான் காரணம். பாட்டி ஒரே குரலை ஒரு தடவை அடித்தாள், ஒரு தடவை கண்ணீரோடு கேட்டாள், ஒரு தடவை கும்பிட்டாள். குரல் மாறவில்லை. அதன் மேல் போர்த்தியிருந்த சேலைதான் மாறியது.

முதலாவது இடம்: 'காதோடுதான்'. கே. பாலசந்தரின் 'வெள்ளி விழா' (1972). வாலி எழுதியது, இசை வி. குமார். இவர் பாலசந்தரின் நாடகங்களுக்கும் 'எதிர் நீச்சல்' முதலிய படங்களுக்கும் இசையமைத்தவர்.

ஈஸ்வரியின் மற்றப் பாட்டுகளைத் தெருவெல்லாம் கேட்கும். இந்தப் பாட்டை ஒருவர்தான் கேட்க வேண்டும். அத்தனை மெதுவாகப் பாடுகிறார். மெதுவாகப் பாடுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். உரக்கப் பாடும்போது சுருதி கொஞ்சம் அசைந்தால் வேகத்தில் மறைந்து போகும். ரகசியம் போலப் பாடும்போது ஒன்றையும் மறைக்க முடியாது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். மைக் என்ற கருவி வந்த பிறகுதான் இப்படிப்பட்ட பாட்டே உலகத்தில் சாத்தியமாயிற்று. அமெரிக்காவில் 1930-களில் பிங் கிராஸ்பி என்ற பாடகர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, பேசுவது போலப் பாடி ஊரை மயக்கினார். அதற்கு முன்னால் மேடைப் பாடகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கை ஒலிபெருக்குகிற யந்திரமாக நினைக்கிறவர்கள் பலர். அதை ஒருவருடைய காதாக நினைத்துப் பாடினவர்கள் சிலர். இந்தப் பாட்டில் ஈஸ்வரி அந்தச் சிலரில் ஒருவர்.

கிளப்புக்கும் தோழிக்கும் என்று ஒதுக்கி வைத்த குரலுக்குள் இவ்வளவு அமைதியும் கனிவும் இருந்திருக்கின்றன. இந்த மாதிரி இன்னும் இருபது பாட்டுகளுக்கு அந்தக் குரலில் இடம் இருந்தது. அவற்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவாக இருந்தார்கள். பம்பாயில் ஆஷா போன்ஸ்லேக்கு 1981-இல் 'உம்ராவ் ஜான்' என்ற படம் கிடைத்தது. கிளப் பாடகி என்று முத்திரை குத்தியவர்களெல்லாம் அதன் கஜல்களைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள். தேசிய விருதும் வந்தது. நம் ஈஸ்வரிக்கு ஓர் 'உம்ராவ் ஜான்' வரவில்லை. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். பாட்டின் போக்கு மாறியது. கிளப்பில் ஆடுவதையும் கதாநாயகிகளே செய்ய ஆரம்பித்தார்கள். ஆடுகிறவளுக்கென்று தனிக் குரல் வேண்டியிருக்கவில்லை. எந்த வேலைக்கு மட்டும்தான் லாயக்கு என்று ஒருவரை ஒதுக்கி வைத்தார்களோ அந்த வேலையே இல்லாமற் போயிற்று.

ஆனால் குரல் போகவில்லை. அம்மன் பாட்டுகள் அதைத் தெருத் தெருவாக உயிரோடு வைத்திருந்தன. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2011-இல் 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் 'கலாசலா' என்ற பாட்டைப் பாடினார். பேரன் பேத்திகள் வயதுடைய பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். 2020-இல் வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடி மாதப் பாட்டுக்கு ஆள் தேடியபோதும் அவரிடமே வந்து நின்றார்கள்.

முதலிடத்துக்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. பாட்டு வேண்டாம் என்று தீர்மானமாகிவிட்ட வீட்டில் என் அத்தை வளர்ந்தாள் அல்லவா? 1972-இல் அவளுக்குப் பதினேழு வயது. அப்போது வந்தது இந்தப் பாட்டு. இதைப் பாடக் குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. சமையலறையில் அரிசி களைகிற சத்தத்துக்குள் ஒளித்துப் பாடிவிடலாம். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காது. வருஷக்கணக்கில் அவள் அப்படித்தான் பாடினாள். பிறகு நான் பிறந்து, அவள் மடியில் கிடந்த நாளில், என்னைத் தூங்க வைக்கவும் இதையே பாடினாள். சினிமாவில் கணவனுக்காக மனைவி பாடுகிற பாட்டு என்பது எனக்குக் காலேஜ் வயதில்தான் தெரியும். அதுவரையில் அத்தையே கட்டிய தாலாட்டு என்று எண்ணியிருந்தேன்.

போன வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் கூழ் வார்த்தார்கள். ஒலிபெருக்கிக்காரனுடைய யந்திரம் பாதியில் மக்கர் செய்துவிட்டது. மைக் மட்டும் வேலை செய்தது. தெருப் பெண்கள் அத்தையைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். அவளுக்கு எழுபது வயது. மைக்கைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, 'செல்லாத்தா'வை எடுத்தாள். தெருவின் அந்தக் கோடிக்குக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் விமானம் வந்தது. அத்தை நிறுத்தவில்லை, அதற்கு மேலே பாடினாள். 1968-இல் எடுத்துவிட்ட பெயர் ஐம்பத்தேழு வருஷம் கழித்துப் பட்டியலில் மறுபடியும் ஏறியது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "போடா, கூழ் ஆறிப்போகுது" என்றிருப்பாள்.

சரி, பட்டியல் முடிந்தது. உங்கள் சண்டையை இனி ஆரம்பிக்கலாம். 'வெண்ணிற ஆடை'ப் பாட்டு எங்கே, 'வசந்த மாளிகை'ப் பாட்டு எங்கே, 'பட்டிக்காடா பட்டணமா' எங்கே என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். பத்து விரல்களுக்குள் அந்தக் குரலை அடக்க முடியாது. உங்கள் பத்தை நீங்கள் எழுதுங்கள். சட்டம் மாத்திரம் ஒன்று: கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அத்தையிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "எலந்தப்பயத்தை நாலாவதாவா போட்டே? அதுக்கு நான் வாங்கின அடிக்காவது முதல் இடம் தர வேண்டாமா?" என்றாள். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. சாயங்காலக் காப்பியும் இன்னும் வரவில்லை.